எஃப்.ஐ.ஆரில் ஏறாத காரணம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையை ஒட்டிய ஓர் ஊர். கேட்டவரின் சித்தப்பா மகன் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறான். டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியதில் வாய்த்தகராறு வந்து, இரண்டு பேர் சேர்ந்து அடித்துவிட்டார்கள். “பாண்டி, உன் ஊருக்கே போடா” என்று (பாண்டி என்பது கேரளாவில் தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்) ஆரம்பித்து, சாதிப் பெயரையும் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் அதைச் சாதாரண அடிதடியாகப் பதிந்து அனுப்பிவிட்டார்கள். “வெளிநாடுகளில் இதை வெறுப்புக் குற்றம் என்று தனியாகக் கணக்கெடுத்து, தனியாகத் தண்டிக்கிறார்களாமே அண்ணா? நம்மிடம் அப்படி எதுவும் கிடையாதா? அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

தம்பி, கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் நாடு முழுமைக்குமான சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. 1989-இல் வந்த பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் அது. உலகத்தில் பல நாடுகள் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நாம் எழுதி வைத்துவிட்டோம். அந்தப் பையன் பட்டியல் சாதியாக இருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி. இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் அன்று ஸ்டேஷனில் என்ன நடந்திருக்கும் என்று பார்த்துவிடுவோம். எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் முடிச்சு அந்த இடத்தில்தான் விழுகிறது.

பையன் தமிழில் சொல்கிறான். ரைட்டர் மலையாளத்தில் எழுதுகிறார். வழிமறித்தார்கள், திட்டினார்கள், அடித்தார்கள் என்று மூன்று விஷயம். திட்டியதில் ஏழெட்டுச் சொற்கள் இருந்திருக்கும். அத்தனையும் ‘அசப்யம் பறஞ்ஞு’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். பையனுக்கு வாசித்துக் காட்டும்போது அதில் தப்பு ஒன்றும் தெரியாது. அசிங்கமாகத் திட்டினார்கள் என்பது உண்மைதானே. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவான். பழி முழுவதையும் ரைட்டர் மேல் போடுவதும் நியாயமில்லை. வெறும் கையால் அடித்த குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2). மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. கூடவே வழிமறித்ததற்கு 126(2), ஆபாசப் பேச்சுக்கு 296 என்று சேர்த்தால்தான் அங்கேயே எஃப்.ஐ.ஆர். போட வழி பிறக்கிறது. அதனால் திட்டு என்று எது வந்தாலும் ஆபாசத்தில் சேர்ப்பது ஸ்டேஷன் பழக்கமாகிவிட்டது. சாதிப் பெயரும் அந்தக் கணக்கில் போய்விடுகிறது. ‘ஏன் அடித்தார்கள்’ என்ற கேள்விக்கு அந்தத் தாளில் மிஞ்சுவது வண்டி நிறுத்திய தகராறு மட்டும்தான்.

இதே கூத்து லண்டனிலும் நடந்தது. 1993 ஏப்ரல் 22 அன்று ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் பஸ் நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டான். கும்பல் இனத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்ததைக் கூட இருந்த நண்பன் சொன்னான். போலீஸ் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. விசாரணை சொதப்பியது. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு அமைந்த மெக்பர்சன் விசாரணை 1999 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. லண்டன் காவல்துறைக்குள் நிறுவனமாகவே இனவாதம் ஊறியிருக்கிறது என்று அதில் எழுதினார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியைத்தான். என் கண்ணுக்கு அதைவிடப் பெரியது அந்த அறிக்கை கொடுத்த ஒரு சின்ன விதி. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். ரைட்டருக்கு அப்படித் தோன்றுகிறதா, ஆதாரம் போதுமா என்பதெல்லாம் அப்புறம். எழுதுகிற இடத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமையை எடுத்துவிட்டார்கள்.

எழுதுவதற்கு இந்த அளவு போதும் என்றால், வழக்குத் தொடர அதைவிட அதிகம் வேண்டும், தண்டிக்கச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். மூன்றுக்கும் மூன்று உயரம் வைத்தார்கள். “யாராவது மனம் புண்பட்டது என்று சொன்னால் ஜெயிலா?” என்று கேட்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் நடப்பது நேர் எதிர். தண்டிப்பதற்கு வேண்டிய நிரூபணத்தை எழுதுகிற மேஜையிலேயே கேட்கிறோம். “அவங்க சாதியைச் சொல்லித்தான் அடிச்சாங்கன்னு என்னப்பா சாட்சி?” என்ற கேள்வி கோர்ட்டில் வர வேண்டியது. ஸ்டேஷன் வாசலில் அதற்கு வேலையில்லை.

தண்டிக்கும் கட்டத்திலும் பிரிட்டன் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. குற்றத்துக்கான காரணமே பகைமைதான் என்று நிரூபிப்பது ஒன்று. அடிக்கும்போதோ அதற்குச் சற்று முன்னோ பின்னோ அந்தப் பகைமையை வெளியே காட்டினான் என்று மட்டும் நிரூபிப்பது இன்னொன்று. சண்டை வண்டி நிறுத்தியதில் தொடங்கியிருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை. அடிக்கிறபோது வாயில் வந்தது என்ன என்பதுதான் கேள்வி. சாதாரணமாகக் கைநீட்டியதற்கு அதிகபட்சம் ஆறு மாதம் என்றிருந்தது, பகைமை சேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை போகலாம் என்றாயிற்று.

“பாண்டி என்பது ஊரைச் சொல்லித் திட்டுவதுதானே, அதெல்லாம் இனமா?” என்று உங்கள் பக்கத்து வக்கீலே கேட்கலாம். அங்கேயும் கேட்டார்கள். மோட்டார் பொருத்திய சக்கர வண்டியில் வந்த ஒருவர், வழியில் மூன்று ஸ்பானிஷ் பெண்களைப் பார்த்து ‘அந்நியர்களே, உங்கள் நாட்டுக்கே போங்கள்’ என்று திட்டி, அவர்கள் நுழைந்த கபாப் கடை வரை வண்டியை மூர்க்கமாக ஓட்டிக்கொண்டு விரட்டினார். நான் எந்த இனத்தையும் பெயர் சொல்லித் திட்டவில்லையே என்பது அவருடைய வாதம். வழக்கு, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. அந்நியர் என்று பொத்தாம்பொதுவாக ஒதுக்கினாலும் அது இனப் பகைமைதான் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் சித்தப்பா மகன் வழக்குக்கு உலகத்திலேயே மிக நெருங்கிய தீர்ப்பு எனக்குத் தெரிந்து இதுதான். நம் கோர்ட்டில் இதைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பாகக் காட்ட முடியாது, அது வேறு விஷயம்.

எண்ணிக்கைக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்தால் மக்கள்தொகை சுமார் 6 கோடி. 2022-23-இல் போலீஸ் பதிந்த வெறுப்புக் குற்றங்கள் 1,45,214. அமெரிக்காவில் 33 கோடிப் பேர். 2023-க்கு எஃப்.பி.ஐ. காட்டிய சம்பவங்கள் 11,862. இதைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள்தான் மகா வெறுப்பாளர்கள் என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் 1990-இலேயே கணக்கெடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் உள்ளூர்க் காவல்துறைகள் எஃப்.பி.ஐ.க்குக் கணக்கு அனுப்புவது கட்டாயமில்லை. அனுப்புகிறவற்றிலும் பெரும்பாலானவை பூஜ்ஜியம் என்று எழுதி அனுப்புகின்றன. அந்த நாட்டு நீதித்துறையே வீடு வீடாகப் போய், உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா என்று கேட்டு எடுக்கும் ஆய்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் என்று வருகிறது. அதில் பாதிக்குப் பாதி போலீஸ் பக்கமே போகாதவை. இந்த இரண்டாவது வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டேஷனை நம்பாமல் நேராக மக்களிடம் கேட்டுவிடுகிறார்கள். போலீஸ் கணக்குக்கும் மக்கள் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு விழுகிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியைச் சொல்வேன். 2000 முதல் 2007 வரை அங்கே பல ஊர்களில் துருக்கிய வம்சாவளியினர் எட்டுப் பேரும், கிரேக்கர் ஒருவரும், ஒரு பெண் போலீஸும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூக்கடைக்காரர், காய்கறிக் கடைக்காரர், கபாப் கடையில் நின்றவர் என்று உழைத்துப் பிழைத்த ஆட்கள். போலீஸ் என்ன நினைத்தது? துருக்கியர்களுக்குள் போதைப்பொருள் தகராறு, மாஃபியா பகை என்று நினைத்தது. தனிப்படைக்கு, துருக்கியின் நீரிணைப் பெயரான ‘பொஸ்போரஸ்’ என்றே பெயர் வைத்தது. செத்தவர்களின் மனைவி மக்களையே திரும்பத் திரும்ப விசாரித்தது. 2011 நவம்பரில்தான் அவ்வளவையும் செய்தது ஒரு நவநாஜிக் கும்பல் என்று வெளியே வந்தது. ஜெர்மனியில் அரசியல் நோக்கமுள்ள குற்றங்கள் என்று தனிக் கணக்கு 2001 முதலே இருக்கிறது. அதற்கான கட்டமும் படிவத்தில் இருந்தது. அதில் டிக் போட யாருக்கும் தோன்றவில்லை. நாடாளுமன்றக் குழு விசாரித்த பிறகு 2015-இல் சட்டத்தைத் திருத்தி, தண்டனை அளவைத் தீர்மானிக்கும்போது இனவெறி நோக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். நோக்கம் தண்டனையில் எடைபோடப்படும் என்றால், விசாரிக்கிறவர் முதல் நாளிலிருந்தே அதைத் தேடியாக வேண்டும்.

மற்ற நாடுகளை விரைவாகவே தாண்டிவிடலாம். நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகுதான் ஒழுங்கான பதிவுமுறை வேண்டும் என்று விசாரணை ஆணையம் சொல்லி, அது வேகம் பிடித்தது. ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் 1-இல் புதுச்சட்டம் அமலான முதல் வாரத்தில் ஏழாயிரத்துக்கு மேல் புகார் குவிந்தது. அதில் குற்றமாகத் தேறியது மிகச் சொற்பம். இலங்கையில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்கிறது. 2019-இல் அது ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளர் மேல் பாய்ந்து, அவர் சில மாதங்கள் சிறையில் இருந்தார். பேச்சைப் பிடிக்கும் சட்டத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் வெறுப்புப் பேச்சையும் வெறுப்புக் குற்றத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். வெறுப்புக் குற்றம் என்றால் முதலில் ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். அடி, கொலை, தீவைப்பு, மிரட்டல் என்று ஏதாவது ஒன்று. அதன்மேல் இன்னார் என்பதற்காக என்ற காரணம் சேர வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் 57 நாடுகளும் ஏற்றுக்கொண்ட வரையறை இந்த இரண்டு வரிதான்.

இப்போது நம் கதை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் (என்.சி.ஆர்.பி.) ஆண்டுதோறும் வெளியிடும் குற்றக் கணக்கில் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 2021-இல் 50,900, 2022-இல் 57,582. இதைச் செய்தித்தாள்கள் ‘கொடுமை அதிகரிப்பு’ என்று போடுகின்றன. அதிகரித்தது கொடுமையா, பதிவா என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. இன்னொன்று, ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றைத்தான் அவர்கள் எண்ணுவார்கள். மதத்துக்காக, மொழிக்காக, பிறந்த இடத்துக்காக அடித்தது என்று தனி அட்டவணை கிடையாது. கும்பல் கொலைகளுக்கும் வெறுப்புக் குற்றங்களுக்கும் ஒரு தடவை தகவல் சேகரித்தார்கள். 2017-ஆம் ஆண்டு அறிக்கை 2019 அக்டோபரில் தாமதமாக வந்தபோது அந்தப் பக்கங்கள் இல்லை. வரையறை சரியில்லை, தகவல் நம்பகமானதில்லை என்று காரணம் சொன்னார்கள். தகவல் மோசமாகத்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. எல்லா நாட்டிலும் முதல் சில வருடக் கணக்கு மோசமாகத்தான் இருந்தது. வெளியிட்டுத் திட்டு வாங்கித்தான் அவர்கள் அதைத் திருத்தினார்கள்.

மொழிக்காக அடித்தால் என்ன சட்டம் என்ற உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: மிகக் குறைவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நியாய சன்ஹிதாவில் 103(2) என்று ஒன்று வந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் மரணமோ ஆயுளோ தண்டனை. அதே காரணத்துக்காக ஐந்து பேர் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 117(4), ஏழு ஆண்டு வரை. மொழியும் பிறந்த இடமும் பட்டியலில் இருப்பது நம் போன்ற எல்லைக்காரர்களுக்கு நல்லதுதான். 2025 டிசம்பரில் இதே வாளையாறு பக்கத்தில் சத்தீஸ்கரிலிருந்து வேலை தேடி வந்த தொழிலாளி ஒருவரைத் திருடன் என்று சந்தேகப்பட்டு ஒரு கும்பல் அடித்தே கொன்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட சம்பவத்துக்கு எழுதிய பிரிவு அது. அடித்தது நான்கு பேர் என்றால் அது பொருந்தாது. கொடுங்காயம் என்ற அளவை எட்டாத அடி என்றாலும் பொருந்தாது. உங்கள் வழக்கில் அடித்தவர்கள் இருவர். சமூகங்களுக்கு நடுவில் பகைமையை வளர்ப்பதற்கு 196 இருக்கிறது, அதிலும் மொழி உண்டு. ஆனால் அதைக் கோர்ட் விசாரணைக்கு எடுக்க அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். டீக்கடை வாசலில் ஒருவனைப் பார்த்துத் திட்டியதற்கு அந்தக் கோப்பு திருவனந்தபுரம் போய்த் திரும்பும் என்று நான் நம்பவில்லை. வடகிழக்கு மாநிலத்தவர் மீதான தாக்குதல்கள் பற்றி ஆராய்ந்த பெஸ்பருவா குழு 2014-இலேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டித் தனிப்பிரிவு கேட்டது. இன்றுவரை வரவில்லை.

ஆக, பலமான வழி வன்கொடுமைச் சட்டம்தான். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 3(1)(எஸ்). டீக்கடை வாசல் அதற்குத் தாராளமாகப் பொருந்தும். நான்கு சுவருக்குள் யாரும் பார்க்காமல் திட்டினால் பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரண அடிக்கு 3(2)(வி.ஏ.). 2016 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த திருத்தம் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. முன்பு இவர் பட்டியல் சாதி என்ற காரணத்துக்காகவே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். இப்போது கடுமையான குற்றங்களில் இவர் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்தார் என்பது போதும். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்று எதிரிதான் நிரூபிக்க வேண்டும். ஒரே ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

பழைய சட்டம் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு ஆந்திராவின் கர்னூல் மாவட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. பார்வையற்ற தலித் இளம்பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து 2011-இல் பலாத்காரம் செய்தவருக்கு ஆயுள் தண்டனை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் 2021 ஏப்ரலில் எழுதிய தீர்ப்பு, சாதி, பால், உடல் குறைபாடு மூன்றும் ஒரே பெண் மேல் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகின்றன என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறது. எவ்வளவோ நன்றாக எழுதிவிட்டு, கடைசியில் வன்கொடுமைச் சட்டப் பிரிவிலிருந்து எதிரியை விடுவித்தது. காரணம் எளிது. சாதிக்காகத்தான் செய்தார் என்பதற்கு அரசுத் தரப்பு தனியாக எந்தச் சாட்சியத்தையும் வைக்கவில்லை. பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனை மட்டும் நின்றது. அமெரிக்காவிலும் விதி இதுதான். வெறுப்பைக் காரணம் காட்டித் தண்டனையை உச்சவரம்புக்கு மேல் கூட்டுவதென்றால் அதையும் ஜூரி முன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று 2000-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அடித்தவன் வாயிலிருந்து வந்த சொற்களை அந்த நிரூபணத்துக்குச் சாட்சியமாக வைக்கலாம் என்று 1993-இல் விஸ்கான்சின் வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்தச் சொற்கள் முதல் நாள் தாளிலேயே இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எல்லைக்காரர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் தமிழ்நாட்டில் பழங்குடி. மலை இறங்கி ஆந்திராவின் சித்தூர், திருப்பதி பக்கம் கூலிக்குப் போனால் ஆந்திரப் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. நரிக்குறவர்களைத் தமிழ்நாடு பழங்குடிப் பட்டியலில் சேர்த்து 2023-இல் அறிவிப்பு வந்தது, அது தமிழ்நாட்டுக்கு மட்டும். இட ஒதுக்கீட்டுச் சலுகை மாநிலம் தாண்டாது என்பது 1990 முதல் தீர்ந்துபோன விஷயம். அடியிலிருந்து பாதுகாப்பும் தாண்டாதா? தாண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் சொன்னது. சொந்த மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் எந்த மாநிலத்தில் தாக்கப்பட்டாலும் வன்கொடுமைச் சட்டம் பொருந்தும். கேரள, ஆந்திர நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும், கையில் வைத்துக்கொண்டு வாதாட நல்ல ஆயுதம். சக்கிலியர் சமூகம் தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருப்பதால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2017-இல் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள் டீக்கடையில் பாகுபாடு, குழாயடியில் பாகுபாடு என்று புகார் சொன்னது செய்திகளில் பெரிதாக அடிபட்டதே, அவர்கள்தான். மதம் மாறிய கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நிலைமை மோசம். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்குள்தான். ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு பாதிரியார் கொடுத்த வழக்கை இந்தக் காரணத்துக்காகவே தள்ளியது. திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறான் என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் அதைக் கேட்பதில்லை.

சரி, எழுதியாயிற்று, பிரிவும் போட்டாயிற்று என்றாலும் வழக்கு நிற்பது சாட்சிகளால்தான். நம் மாவட்டத்திலேயே அட்டப்பாடி வழக்கு இருக்கிறது. 2018 பிப்ரவரி 22 அன்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள்ளிருந்து பிடித்து, கட்டி, முக்காலி வரை நடத்திக் கொண்டுவந்து அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். படமே இருக்கிற வழக்கு. அப்படியிருந்தும் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் இருபதுக்கு மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அரசு சிறப்பு வழக்கறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். எதிரிகள் சாட்சிகளோடு தொடர்பு வைத்தார்கள் என்று பன்னிரண்டு பேரின் ஜாமீனை 2022-இல் ரத்து செய்த பிறகுதான் வழக்கு நிமிர்ந்தது. 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, பதின்மூன்று பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. தண்டனை போதாது என்று வருத்தப்பட்டவர்கள் பலர். எனக்கு அந்த வழக்கில் பெரிதாகப்படுவது ஜாமீன் ரத்துதான். அந்த இளைஞரின் தாயும் சகோதரியும் விடாமல் கோர்ட்டில் வந்து உட்கார்ந்ததால் அது சாத்தியமாயிற்று. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்ட தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். முதலில் அதை வாங்கி, மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகப் படியுங்கள். சாதிப் பெயரும் ‘பாண்டி’யும் விட்டுப்போயிருந்தால் பையன் பெயரில் ஒரு மனு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். அரசியல் சாசனம் 350-ஆவது உறுப்பு அந்த உரிமையைக் கொடுக்கிறது. சித்தூர் தாலுகாவில் தமிழ் மனுவை வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, அசிங்கமாக இருந்தாலும் நாசூக்குப் பார்க்காமல், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். யார் சொன்னது, எந்த அடிக்கு முன்னால் சொன்னது, டீக்கடையில் அப்போது யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு, ஒன்று டி.எஸ்.பி.க்கு, ஒன்று மாவட்ட எஸ்.பி.க்கு. வன்கொடுமைப் பிரிவு சேர்ந்துவிட்டால் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். எதிரிக்கு முன்ஜாமீன் பொதுவாகக் கிடையாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டிய 3(1)(எஸ்) பிரிவுக்கு அரசு நிவாரணம் ஒரு லட்சம் ரூபாய். எஃப்.ஐ.ஆரில் கால் பங்கு, குற்றப்பத்திரிகையில் பாதி, தண்டனையானால் மீதி.

நாள் தள்ளத் தள்ள, பிறகு யோசித்துச் சேர்த்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். அதனால் இந்த வாரமே கொடுங்கள். பையன் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே காயச் சான்றிதழில் எப்படிக் காயம் ஏற்பட்டது என்று டாக்டர் எழுதிய வரியின் நகலையும் வாங்குங்கள். சம்பவத்தன்று அவன் டாக்டரிடம் சொன்னது என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. இனி ஒருமுறை இப்படி நடந்து, கேரளா பக்கம் போகப் பயமாக இருந்தால், தமிழ்நாட்டு ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. எதிர்த்தரப்பும் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு கவுண்டர் கேஸ் கொடுத்திருக்கக்கூடும், அதையும் விசாரித்து வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது பெரிய மனிதர் வீட்டுக்கு வருவார். வந்தால் டீ கொடுத்து அனுப்புங்கள், எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மனு கொடுக்கிற இடத்திலெல்லாம் உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.